பொழுது சாய்ந்தால் மகன் தடுமாறுகிறான்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மூத்தவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு எட்டு மாதம். இரண்டு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊருக்குத் திரும்பினோம். இரண்டு மாதத்துக்கு முன் மூத்தவனுக்கு மணல்வாரி அம்மை போட்டது. அதோடு வயிற்றுப்போக்கும் வந்து இளைத்துவிட்டான். பத்து நாளாகப் பொழுது சாய்ந்தால் வாசற்படியைக் காலால் தடவித் தடவி இறங்குகிறான். தட்டில் வைத்த இட்லியைக் கையால் துழாவுகிறான். கரண்ட் போனால் அழுகிறான். பகலில் ஒரு குறையும் இல்லை. என் அத்தை, "இது மாலைக்கண், ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடு, நந்தியாவட்டைச் சாறு கண்ணில் விடு" என்கிறார்கள். இவர் மெடிக்கலில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி வந்து தினம் இரண்டு கொடுக்கச் சொல்கிறார். நான் கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. அதனால் வந்த வியாதி, தீராது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. திருப்பூரில் இருந்தபோது அங்கன்வாடிச் சொட்டு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. என் பிள்ளைக்குப் பார்வை திரும்புமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

இந்தப் பதிலை முழுக்கப் படித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருக்க வேண்டாம். நாளைக் காலையே மகனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே டாக்டரிடம் "கண் பரிசோதனைக்கு வந்தோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பத்து நாளாக இருட்டினால் கண் தெரியவில்லை, இரண்டு மாதம் முன் அம்மை போட்டது, வயிற்றுப்போக்கும் இருந்தது, இரண்டு வருஷமாக வைட்டமின் ஏ கொடுக்கவில்லை" என்று இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் சொல்லி, அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாலைக்கண் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவால் வருவது; நீங்கள் சொன்ன அங்கன்வாடிச் சொட்டு மருந்தும் வைட்டமின் ஏ-தான். எல்லாக் குழந்தைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் ஒரு ஸ்பூன் தருவது தடுப்புக்கான முறை. மாலைக்கண் வந்துவிட்ட குழந்தைக்குத் தருவது வேறு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு முதல் நாள் 2 லட்சம் யூனிட், மறுநாள் இன்னொரு 2 லட்சம், இரண்டு வாரம் கழித்து மூன்றாவது தவணை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நீங்கள் அறிகுறியைச் சொல்லாவிட்டால், விட்டுப்போன வழக்கமான தவணை என்று நினைத்து ஒரே ஒரு ஸ்பூன் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். மருந்தை வாங்கி நீங்களே வீட்டில் கொடுக்கவும் வேண்டாம். டாக்டர் பார்த்து, எழுதிக் கொடுத்து, தடுப்பூசி அட்டையில் தேதி போட்டபின் கொடுப்பதுதான் சரி.

வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்றால், பார்வை திரும்பும். அதுவும் மாதக்கணக்கில் அல்ல. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளிலேயே பிள்ளை சாயங்காலம் மறுபடி வாசலில் இறங்கி ஓட ஆரம்பித்துவிடுவான். நான் குழந்தைகள் மருத்துவராக இருந்த இத்தனை வருஷத்தில், கொடுத்த மறுநாளே பெற்றவர்கள் முகம் மலர்ந்து வந்து நின்ற மருந்துகள் மிகச் சில. அதில் இது ஒன்று.

மருத்துவமனைக்குப் போகும் முன் ஒன்று மட்டும் வீட்டிலேயே பாருங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் மகனை உட்கார வைத்து, கண்ணின் வெள்ளைப் பகுதியை, குறிப்பாகக் காதுப் பக்கம் இருக்கும் ஓரத்தைப் பாருங்கள். சோப்பு நுரை காய்ந்து ஒட்டியதுபோல வெளிறிய சின்னத் திட்டு இருக்கிறதா? அதற்கு பிட்டாட் புள்ளி என்று பெயர். 1863-ல் அதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பிட்டாட்டின் பெயரால் அப்படி அழைக்கிறோம். அது இருந்தால் பற்றாக்குறை என்பது ஏறக்குறைய உறுதி. துடைக்கவோ சுரண்டவோ வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் போதும்.

ஆனால் கருவிழி பளபளப்பு இழந்து மங்கியிருந்தாலோ, வெள்ளையாகத் தெரிந்தாலோ, பிள்ளை வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் இறுக மூடிக்கொண்டாலோ விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அன்றே கண் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். திண்டுக்கல்லும் மதுரையும் உங்களுக்குத் தூரமில்லை. அந்தக் கட்டத்தில் கருவிழி இளகிக் கரைய ஒரு நாள்கூடத் தேவைப்படாது. கரைந்தபின் எந்த மருந்தும் பழையபடி கொண்டுவராது. உங்கள் மகன் அந்தக் கட்டத்தில் இருப்பதாகக் கடிதத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பகலில் நன்றாகப் பார்க்கிற பிள்ளைக்கு இருட்டினால் மட்டும் ஏன் தெரியவில்லை? கண்ணின் உள்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதில் மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே சுமார் 12 கோடி செல்கள் உண்டு. அவற்றில் ஊதா கலந்த சிவப்பு நிறத்தில் ஒரு சாயப்பொருள் நிரம்பியிருக்கும். வெளிச்சம் பட்டால் அது வெளிறும், மறுபடி நிறம் ஏற வைட்டமின் ஏ வேண்டும். வெயிலில் விளையாடிவிட்டு இருட்டறைக்குள் நுழைந்தால் நமக்கும் சற்று நேரம் எதுவும் தெரிவதில்லையே, அந்த நேரத்தில் நடப்பது இந்த நிரப்பல்தான். உங்கள் மகன் கண்ணில் நிரப்புவதற்குச் சரக்கு இல்லை. வைட்டமின் ஏ கண்ணில் இப்படி வேலை செய்வதைக் கண்டறிந்த அமெரிக்க அறிவியலாளர் ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரக்கு தீர்ந்தது எப்படி என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைட்டமின் ஏ நம் ஈரலில் சேமிக்கப்படுகிறது. நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்குச் சில மாதங்களுக்குப் போதுமான இருப்பு அங்கே இருக்கும். திருப்பூரில் வாடகை வீட்டில், நீங்கள் இரண்டு பேரும் ஷிப்டுக்கு ஓடிய நாட்களில், அவன் என்ன சாப்பிட்டிருப்பான் என்று யூகிக்க முடிகிறது. சோறு, ரசம், டீயில் நனைத்த பன், ஐந்து ரூபாய் சிப்ஸ். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஊரில் வேலை பார்க்கும் எத்தனையோ தாய்மார்களின் நிலைமை அதுதான். இருப்பு மெல்லக் குறைந்துகொண்டே வந்திருக்கும். அப்போதுதான் மணல்வாரி, அதாவது தட்டம்மை, வந்தது. அந்த அம்மைக் கிருமி உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ-யை வேகமாகத் தின்று தீர்க்கும். அதனால்தான் தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. வயிற்றுப்போக்கு வந்ததும் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போயிருக்கும்.

இதோடு இன்னொன்றும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அம்மை என்றால் நம் வீடுகளில் வாசலில் வேப்பிலை செருகி, எண்ணெய் தாளிப்பதை நிறுத்தி, முட்டை, கறி, மீன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை கஞ்சியும் இளநீரும்தான். சில வீடுகளில் அது மூன்று வாரம்வரை நீளும். வேப்பிலையும் சுத்தமும் தனிமையும் நல்லவை, அவற்றில் எனக்கு மறுப்பே இல்லை. பத்தியம்தான் பிள்ளையைக் காய வைக்கிறது. உடம்பு வைட்டமின் ஏ-யைத் தேடித் தவிக்கும் அதே வாரங்களில் அது கிடைக்கும் வழிகளை எல்லாம் நாம் அடைத்துவிடுகிறோம். அம்மனுக்குப் பயந்து கறியும் மீனும் வேண்டாம் என்றால், சரி, அதை நான் மதிக்கிறேன். பருப்பில் மசித்த கீரையும், பப்பாளியும், பாலும், ஒரு சொட்டு நெய்யும் எந்த அம்மனுக்கும் ஆகாதவை அல்ல.

உங்கள் அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் சொன்னதில் பாதி அவ்வளவு சரி, மறுபாதி அவ்வளவு ஆபத்து.

மாலைக்கண் என்று பெயர் சொன்னதும் சரி, ஈரல் என்றதும் சரி. ஆட்டின் உடம்பிலும் வைட்டமின் ஏ சேர்வது ஈரலில்தான். 100 கிராம் ஆட்டு ஈரலில் ஆறாயிரம், ஏழாயிரம் மைக்ரோகிராம் இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 510 மைக்ரோகிராம். சின்ன நெல்லிக்காய் அளவுள்ள இரண்டு துண்டு ஈரல் மூன்று நாள் தேவையைத் தீர்த்துவிடும். 1904-ல் ஜப்பானில் மோரி என்ற மருத்துவர், கண் உலர்ந்து பார்வை மங்கிய நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர் கொடுத்தது கோழி ஈரலும் மீன் எண்ணெயும். வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. வைட்டமின் ஏ-யை அறிவியல் உலகம் கண்டுகொண்டது 1913-ல்தான். உங்கள் அத்தைக்கு அவருடைய அம்மா சொல்லித் தந்த அறிவு அதற்கெல்லாம் முந்தியது. இதை நான் சொன்னதாக அவர்களிடம் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் நன்றாக வேகவைத்த ஈரல் இரண்டு துண்டு போதும். தினமும் வேண்டாம். ஸ்பூன் மருந்துக்குப் பதிலாகவும் வேண்டாம், இருட்டில் தடுமாறும் பிள்ளைக்கு இப்போது வேண்டியது அதைவிடப் பெரிய அளவு.

நந்தியாவட்டைச் சாறு மட்டும் கூடவே கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு எதுவானாலும் கண்ணுக்குள் விடக்கூடாது. வைட்டமின் ஏ குறைந்த கண்ணில் மேல்தோல் ஏற்கெனவே உலர்ந்து பலவீனமாக இருக்கும். கையால் கசக்கிய பூவின் சாற்றோடு போகும் கிருமிக்கு அந்தக் கண்ணில் தடையே இல்லை. நான் பயிற்சி முடித்து ஓர் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் சேர்ந்த புதிதில், அம்மை இறங்கிய மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாத்தா வந்தார். மூன்று நாளாக இலைச்சாறு விட்டிருக்கிறார்கள். ஒரு கண்ணின் கருவிழி போய்விட்டது. இன்னொன்றைக் காப்பாற்ற முடிந்தது. அந்தத் தாத்தா பேத்திமேல் உயிரையே வைத்திருந்தார். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார். அதனால்தான் இதை எந்த வீட்டிலும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், உங்கள் கணவர் வாங்கிவந்த மாத்திரை. வைட்டமின் சி அதிகமானால் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது, வெளியே போகாமல் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். 1597-ல் வடதுருவக் கடலில் உறைபனியில் சிக்கிய பாரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமியின் கூட்டத்தார் பனிக்கரடியின் ஈரலைத் தின்றார்கள். எல்லோரும் படுத்துவிட்டார்கள், மூன்று பேருக்குத் தலைமுதல் கால்வரை தோல் உரிந்தது. பனிக்கரடி ஈரலில் அவ்வளவு வைட்டமின் ஏ. நம் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் ஆகாது, ஆனாலும் நாள்தோறும் தேவைக்கு மேல் கொடுத்துவந்தால் தலைவலி, வாந்தி, எலும்பு வலி, ஈரல் வீக்கம் எல்லாம் வரும். நான்கு வயதில் இந்த வடிவில் ஒரு நாளைக்கு 3,000 யூனிட்டைத் தாண்டி மாதக்கணக்கில் போகக்கூடாது. மீன் எண்ணெய் மாத்திரைகளில் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரியவர்களுக்கான மாத்திரை என்றால் இரண்டிலேயே அந்த எல்லையைக் கடந்துவிடலாம். ஆகவே மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள்.

"அப்படியானால் 2 லட்சம் யூனிட் மட்டும் எப்படிப் பாதுகாப்பு?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. 2 லட்சம் யூனிட் என்பது 60,000 மைக்ரோகிராம். மகனின் தினசரித் தேவையால் வகுத்தால் சுமார் நான்கு மாதச் சாப்பாட்டுக்குச் சமம். காலியாக இருக்கும் ஈரல் அதை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவு செய்யும். ஆறு மாத இடைவெளி வைத்திருப்பது அந்தக் கணக்கில்தான். இப்போது அவனுக்கு அடுத்தடுத்துக் கொடுப்பது ஈரல் வறண்டுபோயிருப்பதால். கொடுத்த அன்று சில பிள்ளைகளுக்கு வாந்தியோ தலைவலியோ வரும், ஒரு நாளில் சரியாகிவிடும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா என்ற கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. இதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். பரம்பரையாக வரும் விழித்திரை நோய் ஒன்று உண்டு. அதிலும் முதல் அறிகுறி இரவில் பார்வை மங்குவதுதான். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் அது வரும் வாய்ப்பு கூடுதல். வைட்டமின் ஏ கொடுத்து அதை இப்படி இரண்டு நாளில் சரிசெய்ய முடியாது. ஆனால் அந்த நோய் இப்படிப் பத்து நாளில் திடீரென்று வருவதில்லை. அது வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வரும், அம்மைக்கும் வயிற்றுப்போக்குக்கும் காத்திருக்காது. உங்கள் கடிதத்தில் இருக்கும் கதை வைட்டமின் ஏ குறைவின் கதை. மருந்து கொடுத்து ஒரு வாரத்துக்குள் வித்தியாசம் தெரிந்தால் அந்த அக்கா சொன்னதை மறந்துவிடுங்கள். தெரியாவிட்டால், கண் மருத்துவமனையில் விழித்திரையைப் பரிசோதித்துவிட வேண்டும். அதையும் பயந்துகொண்டு தள்ளிப்போடக்கூடாது. எப்படியிருந்தாலும், அத்தை மகனைக் கட்டியது நீங்கள் செய்த தப்பு அல்ல.

இந்த வைட்டமினைக் கண்ணோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பதால் நாம் அதன் பெரிய வேலையைத் தவறவிடுகிறோம். குடலின் உட்சுவர், நுரையீரலின் உட்சுவர், சிறுநீர்ப்பாதை, இவை எல்லாம் ஈரமாகவும் வலுவாகவும் இருக்க அது வேண்டும். அது இல்லாவிட்டால் கிருமி உள்ளே நுழைவது சுலபம். இந்தோனேசியாவில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் சாமர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மாலைக்கண் லேசாக இருந்த குழந்தைகள்கூட, அது இல்லாத குழந்தைகளைவிட அதிகமாக இறந்துபோனார்கள், வயிற்றுப்போக்கிலும் சளிக்காய்ச்சலிலும். கண் டாக்டர் சொல்வதைக் குழந்தை டாக்டர்கள் முதலில் நம்பவில்லை. அந்நாட்டின் ஆச்சே பகுதியில் நடந்து 1986-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுத்த ஊர்களில் குழந்தை மரணம் 34 சதவீதம் குறைந்தது.

அடுத்த பெரிய சான்று நம் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹமத்துல்லாவும் அவர் குழுவினரும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்துக் குழந்தைகளிடம் வாரா வாரம் போனார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு, உணவிலிருந்து கிடைக்க வேண்டிய அளவு வைட்டமின் ஏ, வாரம் ஒரு சின்ன அளவாகக் கொடுக்கப்பட்டது. 1990-ல் முடிவு வெளிவந்தது. அந்தக் குழந்தைகளிடையே மரணம் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. எனக்கு இதில் மனதைத் தொடுவது, கொடுத்த அளவு பெரிதாக இல்லை என்பது. நல்ல சாப்பாடு தந்திருக்க வேண்டியதைத்தான் தந்தார்கள்.

பின்னாளில் உத்தரப்பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானபோது பெரிய பலன் தெரியவில்லை. தடுப்பூசியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் பரவிய பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சொட்டு தேவையா என்று நிபுணர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகளைப் பற்றியது. மாலைக்கண் வந்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. இந்தியாவில் இந்தத் திட்டம் 1970-லிருந்து நடக்கிறது. ஒன்பது மாதத்தில் 1 லட்சம் யூனிட், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் என்று ஐந்து வயதுவரை ஒன்பது தவணை. திருப்பூரில் உங்கள் மகனுக்கு நான்கு தவணை விட்டுப்போயிருக்கும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இதற்குச் சொந்த ஊர், ரேஷன் கார்டு விலாசம் எதுவும் தேவையில்லை. எந்த ஊர் அங்கன்வாடிக்குத் தூக்கிப் போனாலும் கொடுப்பார்கள், காசில்லாமல். மறுபடி வேலைக்குக் கிளம்பினால் தடுப்பூசி அட்டையைத் துணிமணியோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.

ஸ்பூன் மருந்து நான்கு மாதத்துக்குத்தான். அதன்பின் சோற்றுத் தட்டுதான் காப்பாற்ற வேண்டும். மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில், இன்றைய ராஜாஜி மருத்துவமனையில், 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, பார்வை மங்கிய கிராமத்துக் குழந்தைகளுக்காக ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை நடத்தினார். பிற்பாடு அரவிந்தைத் தொடங்கியவர் அவர்தான். அங்கே பிள்ளைக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடவில்லை. தாயையும் கூட வைத்துக்கொண்டு, கீரையும் பயறும் கொண்டு எப்படிச் சமைப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். அந்த வழியில்தான் நானும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பக்கம் முருங்கை இல்லாத தெரு இருக்காது. 100 கிராம் முருங்கைக்கீரையில் 6,780 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருப்பதாக நம் பழைய ஊட்டச்சத்து அட்டவணை சொல்கிறது. கீரையில் இருப்பது நேரான வைட்டமின் ஏ அல்ல. உடம்பு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். சுமார் 12 பங்கு கரோட்டினிலிருந்து ஒரு பங்கு கிடைக்கும். அப்படிப் பார்த்தாலும் பிள்ளை சாப்பிடும் 30 கிராம் கீரை, அதாவது உருவிய இலை ஒரு கைப்பிடி, அன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடும். பொரியலாக வைத்தால் நான்கு வயதில் துப்பிவிடுவான். பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து மசித்து, ஒரு சின்ன ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். எண்ணெய் சேர்க்காத கீரையில் இருக்கும் சத்து பாதி வீண். அடைமாவில் கலக்கலாம். கறிவேப்பிலையை அவன் இலையோரம் ஒதுக்குவான், ஆகவே நிழலில் காயவைத்துப் பொடியாக்கி எண்ணெய் குழைத்து இட்லிக்குக் கொடுங்கள். வெயிலில் காயவைத்தால் சத்து போய்விடும். பழுத்த பப்பாளி, சீசனில் மாம்பழம், பரங்கிக்காய், கேரட் எல்லாம் நல்லவை. கேரட்டும் பப்பாளியும் தினமும் நிறையத் தின்று உள்ளங்கை மஞ்சளானால் காமாலை என்று பயப்பட வேண்டாம். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அது காமாலை அல்ல, குறைத்துக்கொண்டால் நிறம் மாறிவிடும்.

அங்கன்வாடியில் வாரத்தில் மூன்று நாள் முட்டை தருகிறார்கள். மகனை நாளையே சேர்த்துவிடுங்கள், மஞ்சள் கருவைச் சாப்பிட்டானா என்று கேளுங்கள், சத்து இருப்பது அதில்தான். ரேஷன் பாமாயிலில் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்துத்தான் தருகிறார்கள். பலர் அதை மட்டமான எண்ணெய் என்று விற்றுவிடுகிறார்கள். வெயில் படாமல் வைத்து, ஒருமுறை காய்ச்சியதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் பயன்படுத்துங்கள்.

உங்கள் மாமனார் வீட்டில் பசு இருக்கிறதா? கோழி? நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்கிறேன். பசு இருக்கிற வீட்டுப் பிள்ளைகளையே நான் இந்த நிலைமையில் பார்த்திருக்கிறேன். காலைப் பால் முழுக்கச் சொசைட்டிக்குப் போய்விடும், முட்டை சந்தைக்குப் போய்விடும், பிள்ளைக்கு வரக்காப்பி. இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க்கில் நல்ல வெண்ணெய் முழுவதும் ஏற்றுமதியானது. ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைத்தது வெண்ணெய் எடுத்த பாலும் மார்கரினும். அவர்களுக்குக் கண் உலர்ந்தது, சிலர் பார்வையே இழந்தார்கள். 1917 கடைசியில் போர் முற்றி ஏற்றுமதி முடங்க, அரசு எல்லோருக்கும் வெண்ணெயைப் பங்கிட்டுக் கொடுத்தது. அடுத்த வருஷமே நோய் மறைந்துபோனது. அந்தக் குழந்தைகளைப் பார்த்த மருத்துவர் கார்ல் பிளாக் இதை எழுதி வைத்தார். பசு இருந்தால் மகனுக்கு ஒரு டம்ளர் பாலை, ஏடு எடுக்காமல், கறந்ததும் தனியாக எடுத்து வையுங்கள். மிச்சத்தைச் சொசைட்டிக்கு ஊற்றட்டும். அந்த டம்ளரால் குறையும் காசு, ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்வரும் பஸ் சார்ஜைவிடக் குறைவு. மாமனாரிடம் இதை நீங்கள் கேட்பது கஷ்டம் என்றால், டாக்டர் எழுதியிருக்கிறார் என்று இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

நாளைப் போகும்போது இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். மகனுக்குப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தது என்று கேட்டு, விட்டுப்போயிருந்தால் வாங்குங்கள். வயிற்றில் பூச்சி இருந்தால் சாப்பிட்ட வைட்டமின் ஏ உடம்பில் சரியாகச் சேராது. தட்டம்மை ஊசி இரண்டாவது போட்டீர்களா என்று அட்டையில் பார்க்கச் சொல்லுங்கள். "அம்மைதான் வந்துவிட்டதே, ஊசி எதற்கு?" என்று விட்டுவிடாதீர்கள். ஐந்து வயதுவரை போடுவார்கள். வந்தது தட்டம்மைதானா என்பதும் உறுதியில்லை, அந்த ஊசியில் ரூபெல்லா என்ற இன்னோர் அம்மைக்கும் காப்பு இருக்கிறது.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். சின்னவள் வயிற்றில் இருந்த கடைசி மாதங்களில், சாயங்காலம் உங்களுக்கே கண் மங்கலாகத் தெரிந்ததா? வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் தடுமாறினீர்களா? பல பெண்கள் அதை மாசமாக இருக்கும்போது வரும் இயல்பு என்று யாரிடமும் சொல்வதில்லை. அப்படி இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சின்னவளுக்கு வைட்டமின் ஏ உங்கள் பாலிலிருந்துதான் போகிறது. நான் மேலே சொன்ன கீரைப் பருப்பும் முட்டையும் முதலில் உங்கள் தட்டில் விழ வேண்டும். பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தை இந்த ஒரு வருஷமாவது விட்டுவிடுங்கள். ஆனால் மறுபடி கர்ப்பமானால் ஈரலும் மீன் எண்ணெய் மாத்திரையும் வேண்டாம். அந்தக் காலத்தில் அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊறு. கீரை, பழம் பயமில்லாமல் சாப்பிடலாம்.

சின்னவளுக்கு எட்டு மாதம் என்கிறீர்கள். பால் மறக்கடிக்காதீர்கள், இரண்டு வயதுவரை கொடுங்கள். கூடவே மசித்த பப்பாளியும் பரங்கிக்காயும் இன்றிலிருந்தே தொடங்கலாம். அடுத்த மாதம் ஒன்பது முடிந்ததும் தட்டம்மை ஊசிக்குத் தூக்கிப் போவீர்கள் அல்லவா, அன்றைக்கே அவளுக்கு முதல் அரை ஸ்பூன், 1 லட்சம் யூனிட். நர்ஸ் அம்மா ஊசி போட்டுவிட்டு மறந்தால் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.